நீலத்துக்குக் கீழே

இந்தக் காலத்து ஆட்கள் கதவைத் தட்டுவதில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே வந்துவிடுகிறார்கள். யாருடைய இடம், யாருடைய வேலை, உள்ளே இருக்கிற மனிதன் சட்டை போட்டிருக்கிறானா இல்லையா, ஒன்றும் பார்ப்பதில்லை. "அங்கிள், கொஞ்சம் அப்பிடியே சுரண்டுங்க, வீடியோவுக்கு" என்பார்கள். நான் என்ன குரங்கா? சுரண்டிக் காட்டினால் "தேங்க்ஸ் அங்கிள்" என்று போய்விடுவார்கள். புது வாகனம் நாட்டுக்குள் வருவதை நிறுத்திய நாளிலிருந்து பழைய கார் என்றால் எல்லாருக்கும் ஒரு பைத்தியம். கோழி அடைந்து கிடந்த மொறிஸ் மைனருக்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறி உட்கார்ந்து கல்யாணப் படம் பிடிக்கிறார்கள்.

அதனால்தான் கொண்டி போடப் பழகினேன். நான் உள்ளே இருந்தால் உள்பக்கக் கொண்டி, வெளியே போனால் வெளிப்பக்கக் கொண்டி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சார்ஜன் ஐயா. நீங்கள் அந்த வெளிப்பக்கக் கொண்டியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன். நீங்கள் கலவானப் பக்கத்து ஆள், பொலிசில் இருந்தும் தமிழில் பேசுகிறீர்கள், அந்த மட்டில் எனக்கு நல்லது. எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. தமிழும் கையெழுத்து போடுகிற அளவுதான். ஆகையால் நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முடிந்ததும் வாசித்துக் காட்டுங்கள். நான் யாரையும் நம்புவதில்லை. உங்களைத் தனியாகச் சொல்லவில்லை.

என் பெயர் லாசர். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே கிரான்டேல் தோட்டத்து வேர்க்ஷாப்பில் லொறி பழுது பார்த்தேன், பெயின்ட் அடித்தேன். வேலையிலிருந்து நின்ற பிறகும் தோட்டத்து லயத்து வீட்டிலேயே இருக்கிறேன். பஸாரில் இரும்புக்கடை வைத்திருக்கிற சாலி முதலாளி ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். யாரோ ஒருவருடைய கொட்டிலில் கிடந்த ஒரு மொறிஸ் மைனரை வாங்கியிருப்பதாகச் சொன்னார்.

"லாசரண்ணன், இது ஒங்கட தோட்டத்துக் கார்தான். ஒங்களுக்குத்தான் இதுட வருத்தம் தெரியும். பெயின்ட் முழுக்க எறக்கோணும், துரு ஒரு பொட்டு ஈக்கப்படாது. அவசரம் வாணாம். வெறும் இரும்பு தெரியோணும், அவ்வளவுதான்."

வெறும் இரும்பு தெரிய வேண்டும் என்றார். அதைத்தான் நான் செய்தேன்.

தோட்டக் கம்பனிக்காரர்களிடம் பேசி, பாவிக்காமல் கிடந்த பழைய புகைவீட்டை அவர் வாடகைக்கு எடுத்தார். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற கட்டடம் அது. புகை வெளியே போகக் கூடாது என்று கட்டியது, ஆகவே ஜன்னல் கிடையாது. கூரைக்குக் கீழே பலகை மூடிகள் இருக்கும். கயிற்றை இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும். ஒரு பெரிய கதவு. காரைத் தள்ளி உள்ளே விட்டோம்.

அந்த வேலை இப்படி. ரிமூவர் என்று டின்னில் வருகிற மருந்தைப் பிரஷ்ஷால் பூசினால் பெயின்ட் கொப்புளித்துச் சுருளும். சுரண்டியால் வழித்து எடுக்க வேண்டும். அந்த வாடை தலையைச் சுற்றும். கதவைத் திறந்து, பலகைகளையும் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். துருவுக்கு நாங்கள் கடையில் எதுவும் வாங்குவதில்லை. ரப்பர் பாலை உறைய வைக்கிற அசிட்டையே தண்ணீரில் கலந்து பூசி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவிவிடுவோம். இந்தப் பக்கத்து மழைக்கு வெறும் இரும்பை ஒரு இரவு விட்டால் காலையில் சிவந்துவிடும்.

அந்தக் காரின் தோல் எனக்கு மனப்பாடம். கிரான்டேலில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய துரைக்கு உதவி மானேஜராகப் புதிதாக வருகிற சின்னத்துரை, முன்னவர் போய்வந்த நிறத்துக் காரில் ஏறமாட்டார். ராசி இல்லை என்பார்கள். பொறுப்பெடுத்த கையோடு கார் வேர்க்ஷாப்புக்கு வரும். அவர் நிறத்தைச் சொல்வார், நான் அடிப்பேன். பழையதைச் சுரண்ட நேரம் தரமாட்டார்கள், அதன் மேலேயே அடிக்கச் சொல்வார்கள். ஆகவே அடியில் பச்சை, அது கார் பிறந்த நிறம். பச்சைக்கு மேலே பால் நிறம். அதற்கு மேலே நீலம். பிறகு கபிலம். கடைசியாக வெள்ளை. ஒவ்வொரு துரையும் அடுத்தவருக்குக் கீழே படுத்திருக்கிறார். எல்லாவற்றையும் என் கையால் அடித்தேன், நீலத்தைத் தவிர.

என் மகள் பிலோமினா பால் நிறக் காலத்தில் செத்தாள்.

பொழுது சாய்கிற நேரம். என் சுருட்டு முடிந்திருந்தது, கடைக்குப் போய்வரச் சொன்னேன். திரும்பி வருகிற வழியில், பெரிய வளைவில், ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் கிடந்தாள். ஒரு வாகனம் அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அவளைக் கண்டெடுத்தது அந்தனி. சின்னத்துரையின் டிரைவர், எனக்கு மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பிலோமிக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனும் அவர்தான். துரையை ரயில் ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத் தனியாக வந்தவர், பிள்ளையைப் பார்த்து, அதே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

அப்போது இருந்த பொலிஸ்காரர்கள் அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்த வரியைத் தொடவில்லை. என் மனைவி தெரேசம்மா, சாகும்வரை, ரோட்டில் நடந்தால் வருகிற வாகனத்தின் முன்பக்கத்தைத்தான் பார்ப்பாள். பஸ், லொறி, கோயில் சாமியாருடைய ஜீப்பைக்கூட விடமாட்டாள். எங்கேயாவது ஒரு நசுங்கல் தெரிந்தால் நின்றுவிடுவாள், நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் என்னிடம் கேட்டாள், "யாருன்னு தெரிஞ்சிச்சாங்க?" என்று. இல்லை என்றேன். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு பெயர் வேண்டும் ஐயா. பணமோ தண்டனையோ நான் கேட்கவில்லை. அந்தப் புத்தகத்தில் அடையாளம் தெரியாத என்று எழுதிய இடத்தில் ஒரு மனிதனின் பெயர் இருக்க வேண்டும். நான் சாவதற்குள் அது நடக்க வேண்டும். நெஞ்சு வலிக்கிற நாட்களில் எனக்கு வேறு எந்தப் பயமும் வருவதில்லை. மேலே போனால் அவள் கேட்பாள்.

இனி மட்கார்ட் கதை. வலது பக்கத்திலிருந்து தொடங்கினேன். வெள்ளை, கபிலம், நீலம், பால், பச்சை, இரும்பு. கூரை அப்படி, கதவுகள் அப்படி, பின்பக்கம் அப்படி. ஒரு வெங்காயம் உரிக்கிறது போலத்தான். பிறகு இடது பக்கத்து முன் மட்கார்டுக்கு வந்தேன். வெள்ளை, கபிலம், நீலம். நீலத்துக்குக் கீழே, பள்ளத்தை நிரப்புகிற பட்டி. சாம்பல் நிறத்தில், என் உள்ளங்கையைவிடப் பெரிய இடத்துக்கு, விரல் கனத்துக்குப் பட்டி பூசி நிரவியிருந்தது. அதை வழித்து எடுத்தால் இரும்பு உள்ளே நெளிந்திருந்தது. பால் நிறத்தை அந்த மட்கார்ட் முழுவதிலும் காணவில்லை. பச்சையும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். பால் நிறக் காலத்தில் பிள்ளை அடிபட்டாள். பால் நிறத்துக்கும் நீலத்துக்கும் இடையில் இந்த மட்கார்ட் அடிபட்டிருக்கிறது. அந்த நேரத்தில்தான் புதுத் துரை வந்தார். நான் வேலைக்குப் போகிற நிலையில் இல்லை, குடித்துவிட்டு மண்ணில் கிடந்தேன், அதனால் காரைக் கேகாலையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோய் நீலம் அடித்தார்கள். கொண்டுபோனது யார், டிரைவர்தான். பால் நிறத்தை மிச்சமில்லாமல் தேய்த்து எடுத்து, பட்டி பூசி, மேலே நீலம். பிள்ளை கான் ஓரமாக நடந்து வந்தாள். கான் இடது பக்கம். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பாடு இறங்கவில்லை. பட்டி வழித்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தப் பள்ளம் எவ்வளவு என்று என் கைக்குத் தெரியும்.

அந்தனி அண்ணன் தினமும் புகைவீட்டுக்கு வருவார். ஒரு கண்ணில் படலம், மற்றதில் அரைப் பார்வை, கால் வீக்கம், அதோடு மூச்சு இழுப்பு வியாதி. மகன் ஜெறோமின் வீட்டில் டீவி சத்தம் தாங்காமல் என்னிடம் வந்து உட்காருவார். காருக்குள் சீட் ஒன்றும் இல்லை. ஆனாலும் டிரைவர் இடத்தில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டுதான் பேசுவார். கேட்டேன்.

"அண்ணே, இந்த எடது மட்காட்டு எப்பங்க அடிபட்டுச்சு?"

வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"அதுவா. அது புள்ளையக் கொண்டுக்கிட்டுப் போனப்ப லாசரு. இரும்புப் பாலத்துக் கட்டுல சொருகிட்டேன். அழுதுக்கிட்டு ஓட்டினேன், ரோடு எங்க தெரிஞ்சுச்சு. அப்பறம் கேகாலையில வேற மட்காட்டு வாங்கிப் போட்டாங்க. இது வேற காரோடது."

"எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லியே."

"என்னத்தச் சொல்றது? நீ மண்ணுல பொரண்டுக்கிட்டுக் கெடந்த. உங்கிட்ட வந்து மட்காட்டு ஒடஞ்சுபோச்சுன்னு அழுவேனா?" பிறகு சிரித்தார். "இப்ப அதுக்குக் கேஸு போடப் போறியா? போடு, போடு. லைசனும் முடிஞ்சிருச்சு, புடிச்சாலும் ஒண்ணும் இல்ல."

சிரித்தார் ஐயா. இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

நான் பாலத்துக்குப் போய்ப் பார்த்தேன். அது இப்போது கொங்கிறீட் பாலம். பழைய கட்டு இல்லை. வசதியான பாலம்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. ஆத்துமாக்கள் திருநாளில் வருஷா வருஷம் எனக்கு முன்னாலேயே போய் பிலோமியின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி வைப்பார். பெற்றவனுக்கு முன்னால் இன்னொருவன் ஏன் போக வேண்டும்? தெரேசம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மாதக் கணக்காகக் கஞ்சி கொண்டுவந்தார். யார் அப்படிச் செய்வார்கள்? இன்னொன்றும் இருக்கிறது. சுருட்டு வாங்க அந்த நேரத்தில் பிள்ளையை அனுப்பியது நான். அது என் குற்றம் என்று தெரேசம்மா சொன்னாள், அவளுடைய தங்கை சொன்னாள், லயத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். அந்தனி ஒரு நாளும் சொல்லவில்லை. வாய் தவறியும் சொல்லவில்லை. நெஞ்சு சுத்தமான மனிதன் ஒரு தடவையாவது சொல்லியிருப்பான்.

ஏன் அப்போதே பொலிசுக்கு வரவில்லை என்று கேட்டீர்கள். வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒரு பழைய தகரத்தையும் ஒரு குருட்டுக் கிழவனையும் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போங்க தாத்தா என்பீர்கள்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. கூரையின் உள்பக்கத்துக்கும் கதவுகளின் உள்பக்கத்துக்கும் ரிமூவர் பூச வேண்டிய வேலை மிச்சம் இருந்தது. அந்தனி நனைந்துகொண்டே வந்து, வழக்கம்போல உள்ளே ஏறி பெட்டியில் உட்கார்ந்தார். குளிருது என்றார். என் சாக்கைத் தோளில் போர்த்திவிட்டேன். அவரைச் சுற்றிப் பூசினேன். கொஞ்சம் தாராளமாகத்தான் பூசினேன், முதலாளியின் சாமான் என்றாலும். "நாத்தம் தாங்கலடா" என்றார். "மழைச்சாரல் அடிக்குதுங்க, கொஞ்சம் மூடுறேன்" என்று சொல்லி பலகைக் கயிறுகளை விட்டேன். சாரல் அடித்தது உண்மை. காரின் கதவைச் சாத்தினேன். புகைவீட்டுக் கதவைச் சாத்தினேன். தேத்தண்ணி குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். வெளியே போனால் வெளிப்பக்கக் கொண்டி, அது என் பழக்கம்.

ஜெயம்மாவின் தேத்தண்ணிக் கடையில் ஆள் இல்லை. அவள் அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தாள்.

"என்னங்க லாசரண்ணே, ஒத்தையா வாறீங்க? சோடி எங்க?"

"கார்ல இருக்காரு."

"அந்த ஓட்டக் கார்லயா? எங்க போறாராம், கொழும்புக்கா?"

"பிளேன்டி ஒண்ணு போடு."

"கோவத்தப் பாரு. நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொஞ்சாதி மாதிரி. ஒருத்தரு இல்லாட்டி ஒருத்தருக்கு மூஞ்சி விழுந்துருது."

கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தேன். மழை விடும்வரை இருங்க என்றாள். இருந்தேன். எழும்பும்போது, நான் கேட்காமலே, ஒரு சோடா போத்தலில் அந்தனிக்கும் பிளேன்டி ஊற்றித் தந்தாள். "சூடு ஆறுறதுக்குள்ள குடுங்க, பாவம், நெஞ்சுக்கு எதமா இருக்கும்" என்றாள்.

கதவைத் திறந்தபோது வாடை என்னையே பின்னால் தள்ளியது. கயிறுகளை இழுத்துக் கட்டிவிட்டு, வெளியே நின்று காத்திருந்து உள்ளே போனேன். அவர் டிரைவர் இடத்திலேயே, தலையைக் கதவுப் பக்கம் சாய்த்து இருந்தார். ஒரு கை ஜன்னல் ஓட்டையால் வெளியே தொங்கியது. உள்ளங்கையில் பெயின்ட் ஒட்டியிருந்தது. துணியால் துடைத்துவிட்டேன். கண்ணை மூடிவிட்டேன். பரலோகத்தில் இருக்கிற பிதாவே சொன்னேன், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. போத்தலில் தேத்தண்ணி இன்னும் சூடாக இருந்தது. வீணாக்கவில்லை, நான் குடித்தேன்.

பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன்.

கிழவர், இழுப்புக்காரர், மருந்து வாடை. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். டொக்டர்கூட நெஞ்சு நோய் என்றார். ஜெறோம் என் தோளில் சாய்ந்து அழுதான். "நீங்கதாங்க இனி எங்களுக்கு" என்றான். பிடித்துக்கொண்டேன். பெட்டி தூக்கும்போது முன்பக்கம் நான்தான். கோயிலில் சாமியார் அந்தனியைப் பற்றி நல்ல மனிதர், உண்மையான கிறிஸ்தவர் என்று நீளமாகப் பேசினார். அவரைக் கொண்டுபோய்ப் புதைத்தது பிலோமிக்குப் பக்கத்து வரிசையில். அங்கே நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது, வேலை பாதியில் நிற்கிறது என்று. அவர் நல்லவராகவே போய்விட்டார். என் பிள்ளைக்கு நேராக இன்னும் அடையாளம் தெரியாத என்றுதான் இருக்கிறது. யாராவது வந்து கேட்பார்கள், ஏன் கொண்டி போட்டாய், ஏன் பலகையை மூடினாய் என்று கேட்பார்கள், அப்போது எல்லாவற்றையும் சொல்லலாம் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் யாருக்கும் எதையும் கேட்க நேரமில்லை.

அதனால்தான் நானாகவே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். நான் கொன்றேன், எழுதுங்கள் என்றேன். ஏன் கொன்றேன் என்று எழுதினால், அந்தனி என் மகளை அடித்தான் என்றும் எழுதத்தானே வேண்டும். என் பெயர் கீழே வந்தால் அவன் பெயர் மேலே வரும். அந்தக் கணக்கில்தான் வந்தேன். நீங்கள் முதலில் நம்பவில்லை, ஜெறோமைக் கூப்பிட்டு, அப்பாவின் கூட்டாளிக்குப் புத்தி தடுமாறிவிட்டது, கூட்டிக்கொண்டு போங்க என்றீர்கள். காரின் கதவுப் பிடிகளைச் சொன்ன பிறகுதான் உட்காரச் சொன்னீர்கள்.

ஆமாம், உள்பிடி வெளிப்பிடி இரண்டையும் கழற்றியிருந்தேன். பெயின்ட் எடுக்க வேண்டுமென்றால் கழற்றத்தான் வேண்டும். மற்றக் கதவின் பிடிகளை எப்போதோ கழற்றிவிட்டேன். டிரைவர் பக்கத்தை அன்று காலையில் கழற்றினேன். சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். மழை என்று சொன்னேன். மழைதான். ஆனால் நான் உடனே கடைக்கு இறங்கிவிடவில்லை. புகைவீட்டுக் கூரை இறவாணத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். "லாசரு, காத்து பத்தல" என்றார். பிறகு காரின் தகரத்தைத் தட்டினார். பிறகு, "லாசரு, நீ வெளிய தானே இருக்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லியிருந்தால் திறந்திருப்பேன். மன்னிச்சிரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திறந்திருப்பேன். அதற்காகத்தான் நின்றேன்.

நேற்று என்னைப் புகைவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அங்கே சாலி முதலாளி இருந்தார், என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேகாலையில் கராஜ் வைத்திருந்த கபூர் என்கிற கிழவரையும் எங்கிருந்தோ பிடித்துக் கொண்டுவந்திருந்தீர்கள். கைத்தடியோடு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடது மட்கார்டுக்கு முன்னால் நின்றார்.

"இது நான் பூட்டின சாமான்தான். வேற ஒருத்தர்ட கறுப்புக் கார்லேந்து கழட்டின. அது நசுங்கி, பட்டி போட்டுத்தான் எனக்குக் கெடச்ச. இந்தக் கார்ட சொந்த மட்காட்டு பாலத்துல மோதி அப்பளமாப் பெயித்து, அதுல சீமெந்து ஒட்டிக்கொண்டு ஈந்திச்சி."

"அவ்வளவு பழைய மட்காட்டு இவருக்கு எப்பிடிங்க ஞாபகம்?" என்று உங்களிடம்தான் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மட்காட்டு ஞாபகமில்ல மனிசன். டிரைவர்தான் ஞாபகம். வேல முடியுமட்டும் வாசல்ல நிண்டு அழுதான். புள்ள செத்துப் பெயித்து, நான் இன்னம் கொஞ்சம் வெரசா ஓட்டியிருக்கோணும் எண்டு சொல்லிச் சொல்லி அழுதான். சொந்தப் புள்ளயாக்கும் எண்டு நெனச்சேன்."

அழுதால் ஆயிற்றா? அடித்தவனும்தான் அழுவான்.

பிறகு அவர் ஹெட்லைட் வளையத்தை நெம்பி எடுத்தார். நான் இன்னும் கைவைக்காத இடம் அது. விளக்கு உட்காருகிற கிண்ணத்துக்குள் விரலை விட்டுக் காட்டினார். கறுப்பு. பளபளப்பாக, நேற்று அடித்தது போல. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். அந்தக் கார் ஒரு காலத்திலும் கறுப்பாக இருந்ததில்லை என்று நான் சொல்லித்தான் எழுதிக்கொண்டதாக நினைவுபடுத்தினீர்கள்.

தார் என்று சொன்னேன். அடிப்பக்கத்தில் துரு பிடிக்காமல் இருக்கத் தார் அடிப்பது வழக்கம். சாலி முதலாளி ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தந்தார். நீங்கள் துடைத்துப் பார்த்தீர்கள். துணி வெள்ளையாகவே வந்தது. தார் என்றால் கரைய வேண்டும் என்றார் கபூர்.

எனக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. பட்டியைக் கண்ட அன்றைக்கே மட்கார்டைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தேன். உள்பக்கம் முழுவதும் அதே கறுப்பு. நானும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். போகவில்லை. மறுபடி துடைத்தேன். பிறகு ரிமூவர் பூசி, சுரண்டி, அசிட் போட்டுத் தேய்த்து, வெறும் இரும்பாக்கித் திரும்பப் பூட்டினேன். அந்தனியிடம் கேள்வி கேட்டது அதற்கு அடுத்த நாள்.

முதலாளி சொன்னது அதுதானே, வெறும் இரும்பு தெரிய வேண்டும் என்று.

"தாத்தா, இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டீர்கள். மெதுவாகத்தான் கேட்டீர்கள். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஏதோ நான் விழுந்துவிடுவேன் என்கிறது போல. நான் மட்கார்டில் கையை வைக்கவில்லை. திரும்பி, கதவைத் தாண்டி, ஜீப் நிற்கிற இடத்துக்கு நானாகவே நடந்தேன். பழைய தார் இறுகிப்போனால் மண்ணெண்ணெய்க்கு அசையாது ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதிவிட்டு, அந்தனியின் பெயரை எந்த இடத்தில் போட்டிருக்கிறீர்கள் என்று எனக்கு விரலால் தொட்டுக் காட்டுங்கள்.